யானைகளின் குரல்தொடர்பு

கோலார் தங்கவயலை ஒட்டிய காமசமுத்திரம் பகுதிக்குத் தமிழக, ஆந்திர எல்லைக் காடுகளிலிருந்து யானைகள் வந்துபோகின்றன. கூட்டமாக வாழ்ந்தாலும் சிதறி மேயும் இவ்விலங்குக்குக் குரல் இன்றியமையாதது. 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் தென்னிந்தியக் காட்டு யானைகளின் ஒலிகளைப் பிளிறல், கீச்சொலி, கர்ச்சனை, உறுமல் என நான்கு வகையாகப் பிரித்தனர். உறுமலின் ஒரு பகுதி மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ஒலி. ஆசிய யானைகளிடம் இதை 1980களில் கேட்டி பெய்னும் சக ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். மரங்களிடையேயும் அதிகம் தேயாமல் நெடுந்தொலைவு செல்வது அதன் சிறப்பு.

யானைகளின் இக்குரல்தொடர்பை மொழி எனலாமா? நான்கே வகை என்பதால் செய்திகளும் நான்கே என்று தள்ளிவிட முடியாது. ஒரே பிளிறல் அச்சத்திலும் எழும், விளையாட்டிலும் எழும். ஆனால் அதே காரணத்தால் ஒலிக்கும் பொருளுக்கும் இறுக்கமான பிணைப்பும் தெரிவதில்லை. ஆப்பிரிக்க யானைகள் தம்மை விளித்த குரலுக்குக் கூடுதலாக மறுமொழி தந்ததாக 2024இல் வெளிவந்த ஆய்வு வலுவான எதிர்வாதம்தான். எனினும் பெயர் போன்ற விளி வேறு, குறிகளைக் கோத்துப் புதுப்பொருள் ஆக்குவது வேறு. தென்கொரியாவின் கோஷிக் என்ற ஆசிய யானை ஐந்து கொரியச் சொற்களை ஒலித்தது. அவற்றைப் பொருளறிந்து ஆண்டதற்குச் சான்றில்லை. யானையின் தொடர்பு வளமானது; அதை மொழி எனக் கொள்ள இதுவரை கிடைத்த சான்று போதாது.