பாலுக்குப் பின் பலகை: ரப்பர் மரம் சொல்லும் தோட்ட வரலாறு

பத்தாங் காலி என்றதும் வரலாறு அறிந்தவர்களின் நினைவுக்கு வருவது 1948ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அவசரகாலம் தொடங்கிய அந்த ஆண்டில், ஊருக்கு அருகே சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டத்தில், ஆயுதம் ஏந்தாத 24 கிராமத்து மக்களை பிரிட்டிஷ் இராணுவத்தினர் சுட்டுக் கொன்றனர். அந்தக் கொடுமை நடந்த இடமும் ஒரு பால்மரக் காடுதான். உலு சிலாங்கூரிலும் கோலசிலாங்கூரிலும் இன்று செம்பனை நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் அப்படி வரிசை பிடித்து நின்ற ரப்பர் தோட்டமாகவே இருந்தது.

அந்தத் தோட்டங்களின் வரலாற்றைப் பேசும்போது நாம் பாலைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை மங்கு பால், என்ன விலை, எத்தனை காசு சம்பளம் என்று கணக்குப் பார்க்கிறோம். அந்தப் பாலைத் தந்த மரம் வெட்டப்பட்ட பிறகு என்ன ஆனது? அதன் பலகையின் மதிப்பு எப்போது தெரிய வந்தது? அந்த மதிப்பில் தோட்டப் பாட்டாளிக்குப் பங்கு உண்டா?

விதை வந்த வழி

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிக அளவில் ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு காடு அழிந்தது; தோட்டம் வளர்ந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள்.

ஒரு ரப்பர் மரம் சுமார் 25 முதல் 30 ஆண்டுகள் பயன் தரும். பிறகு பால் குறையும். மறுநடவுக்காக மரத்தைச் சாய்ப்பார்கள். சாய்த்த மரத்தைத் தோட்டத்திலேயே எரிப்பார்கள். மிஞ்சியது ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் லயத்து வீட்டு அடுப்புக்கும் விறகாகும். 1967இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலை, ரப்பர் மரக் கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது. விறகு, கரி என்ற இந்த அளவுக்கு மேல் ரப்பர் மரத்துக்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை.

ஏன் விறகாகவே கிடந்தது?

ரப்பர் மரம் பலமில்லாத மரம் அல்ல. உலர்ந்த பலகை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ எடை இருக்கும். இளம் மஞ்சள் நிறம். இழைப்புக்கு இணங்கும், சாயம் நன்றாக ஏறும். ஆனாலும் அதற்குள் ஒரு பகை உண்டு. அதுதான் மாவுச்சத்து. மரத்தைச் சாய்த்த சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துப் பலகை நீலம் பாரிக்கும். வண்டு துளைத்து மாவாக உதிர்த்துவிடும்.

மரவேலையில் பொதுவாகப் பொறுமையைத்தான் சொல்லித் தருவார்கள். அமெரிக்காவில் விலை உயர்ந்த துப்பாக்கிகளின் கட்டைக்கு மேப்பிள் மரம் தேர்ந்தெடுக்கும் முறையைப் பாருங்கள். நார் அலை அலையாக ஓடி, புலி வரிபோல் மின்னும் துண்டைத் தேடி எடுப்பார்கள். கைப்பிடியின் ஒடுங்கிய பகுதியில் நார் நீளவாக்கில் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். முனைகளில் மெழுகு பூசி, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, காற்றோட்டமான நிழலில் காய வைப்பார்கள். ஓர் அங்குல கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது அவர்களின் பழைய கணக்கு. அவசரப்பட்டால் மரம் வெடிக்கும். ஈரம் மிஞ்சினால் பின்னால் கட்டை முறுக்கும், குறி தப்பும்.

ரப்பர் மரத்திடம் இந்தப் பொறுமை செல்லாது. ஓர் ஆண்டு நிழலில் அடுக்கி வைத்தால் எடுக்கும்போது தூள்தான் இருக்கும். மலாயாவின் வெப்பத்திலும் ஈரத்திலும் அதற்கு முதலில் வேண்டியது வேகம். இதைப் புரிந்துகொள்ளத்தான் இத்தனை காலம் ஆனது.

சிலாங்கூரில் பிறந்த விடை

இந்த விடை உருவானதில் சிலாங்கூருக்குப் பெரிய பங்கு உண்டு. பத்தாங் காலிக்குத் தெற்கே, கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் ரப்பர் மரத்தை அறுப்பது, காப்பது, உலர்த்துவது பற்றிய ஆய்வுகள் நடந்தன. முறை இதுதான். மரத்தைச் சாய்த்த ஓரிரு நாட்களுக்குள் அறுத்துவிட வேண்டும். பலகைகளை இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி, போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த நீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்த வேண்டும். பிறகு சூளையில், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தி உலர்த்த வேண்டும். ஓர் அங்குலப் பலகைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பச்சை மரத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஈரம், சுமார் 10 விழுக்காட்டுக்கு இறங்கும். அந்தச் சூளைக்கும் எரிபொருளாவது ரப்பர் மரக் கழிவுதான்.

1980களில் இந்தப் பலகை மேசையாக, நாற்காலியாக ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. விறகுக் கட்டைக்கு 'மலேசிய ஓக்' என்ற பெயரும் வந்தது. 1990இல் அறுத்த ரப்பர் பலகையின் ஏற்றுமதிக்கு அரசு தீர்வை விதித்தது. 2017இல் அந்த ஏற்றுமதியையே தடை செய்தது. உள்நாட்டுத் தளவாடத் தொழிலுக்கே மரம் போதவில்லை என்பது காரணம். ஒரு காலத்தில் தீ வைத்துக் கொளுத்திய மரத்துக்கு வந்த கிராக்கி இது!

கத்தி காத்த மரம்

இங்கே ஓர் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தில் நல்ல பலகை தருவது அடிமரம். பால் வெட்டும் பகுதியும் அதுதான். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வளரும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி அதைத் தொட்டால் மரத்தில் காயம் விழும். காயம் ஆறும்போது மரம் புடைத்து முண்டு கட்டும். உள்ளே நார் கோணும். அப்படிப்பட்ட மரத்தில் நேரான பலகை கிடைக்காது. காயில்தான் வளைவும் வெடிப்பும் தோன்றும்.

அதிகாலை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். ஒவ்வொரு மரத்திலும் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவு மீதம் விட்டு, காயம் படாமல் கத்தியை நிறுத்தத் தெரிந்தவர்கள். காயம் போட்டால் கங்காணியின் ஏச்சு. போடாவிட்டால் பாராட்டு கிடையாது. பால் வற்றாமல் இருக்கவே அவர்கள் அப்படி வெட்டினார்கள். ஆனால் அந்தக் கைப்பக்குவம் 25 ஆண்டுகள் ஒரு பலகையையும் சேர்த்தே காப்பாற்றி வந்தது. அதை அவர்களும் அறியவில்லை. முதலாளியும் கணக்கில் எழுதவில்லை.

காலத்தின் கோலத்தைப் பாருங்கள். பலகைக்கு விலை ஏறிய அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல தோட்டங்கள் நகரங்களாயின. 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டராக இருந்த நாட்டின் ரப்பர் பரப்பு பின்னர் 11 லட்சம் அளவுக்குக் குறைந்தது. மரம் லாரி ஏறிப் பலகை ஆலைக்குப் போனது. மரத்தைச் சீவியவர்கள் லயத்தைக் காலி செய்துகொண்டு பட்டணத்துப் புறம்போக்குக்குப் போனார்கள். மரத்தின் இரண்டாம் வாழ்வுக்கு ஆய்வுக்கூடமும் சூளையும் சந்தையும் ஏற்பாடாயின. மனிதர்களின் இரண்டாம் வாழ்வுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருந்ததா?

இந்தக் கேள்வி பழங்கதை அல்ல. செம்பனைக்கும் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள்தான். அதன் தண்டில் நீரும் மாவுச்சத்தும் மிகுதி, நடுப்பகுதி மிருதுவானது, உலர்த்துவது கடினம். இன்றும் பெரும்பாலான செம்பனைத் தண்டுகள் வெட்டிய இடத்திலேயே துண்டாக்கி மக்க விடப்படுகின்றன. ஒட்டுப்பலகை செய்யும் முயற்சிகளும் நடக்கின்றன. நாளை அதற்கும் ஒரு விலை வரலாம். அன்றைக்குக் கணக்கு எழுதுபவர்கள், மரத்தை வளர்த்த கையின் பெயரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க, நம் பிள்ளைகள் இந்த ரப்பர் மரத்தின் கதையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.