சுடுகாட்டு மல்லி தந்த மருந்து



லயத்து வாசலிலும் இடுகாட்டு ஓரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை நீங்கள் அறிவீர்கள். சுடுகாட்டு மல்லி என்று அதை ஒதுக்கி வைப்பவரும் உண்டு. அந்தப் பூவுக்கும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் உயிருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

தோட்டப்புறத்தில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வயிறு பெருத்தால் முதலில் எழுவது வம்புதான். தாய் அடிப்பாள், அண்டை வீடு சிரிக்கும், பிள்ளை வாய்மூடிக் கிடக்கும். ஆனால் சினைப்பையில் வளரும் கட்டியும் அப்படித்தான் வயிற்றைப் பெருக்க வைக்கும். இன்னும் கொடுமை, சிலவகைக் கட்டிகள் கர்ப்பத்தில் ஊறும் அதே சுரப்பைச் சுரப்பதால், சிறுநீர்ச் சோதனைகூட கர்ப்பம் என்று பொய் சொல்லிவிடும்! ஸ்கேன் எடுத்தால்தான் உண்மை தெரியும்.

இந்த வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்ற நீர்க்கட்டிகளே. புற்றுநோய் அரிது. அப்படி வந்தாலும் அது பாட்டிமார்க்கு வரும் வகையன்று. பெரும்பாலும் முட்டையாக வேண்டிய அணுக்களிலிருந்தே பிறப்பது, மிக வேகமாக வளர்வது. அறுவை மட்டுமே இருந்த காலத்தில், அதில் கொடிய வகை கண்ட பெண்களில் பெரும்பாலோர் இரண்டாண்டு தாண்டவில்லை.

கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர், ஜமைக்காவிலிருந்து வந்த நித்தியகல்யாணி இலை நீரிழிவுக்கு உதவுமா என்று பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள் குறைந்தன. 1958இல் வின்பிளாஸ்டின் வெளிப்பட்டது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963இல் மருந்தாயிற்று. 1970களில் வின்கிரிஸ்டினோடு வேறு இரு மருந்துகள் சேர்ந்து பல பெண்களைக் காத்தன. 1974இல் அமெரிக்காவில் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் பிளாட்டினம் கலந்த சிஸ்பிளாட்டினை வின்பிளாஸ்டினோடும் பிளியோமைசினோடும் சேர்த்து ஆண்களின் விதைக் கட்டிக்குக் கொடுத்தார். இரண்டும் ஒரே குலத்துக் கட்டிகள். ஆகவே அதே மருந்து பெண்களுக்கும் வந்தது. 1980களில் வின்பிளாஸ்டின் இருந்த இடத்துக்கு எட்டோபோசைட் வந்துவிட்டது. நம் பூ இன்றும் இரத்தப் புற்றுக்கு உழைக்கிறது. (இலையைக் கசக்கிக் குடித்துவிடாதீர்கள், அது நஞ்சு.)

இன்று தொடக்கத்திலேயே கண்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். பொதுவாகக் கட்டியுள்ள ஒரு சினைப்பையை மட்டும் எடுத்து, மற்றதையும் கருப்பையையும் விட்டுவைப்பார்கள். அவர்களில் பலர் பிறகு தாயாகியிருக்கிறார்கள். “இனி இவளை யார் கட்டுவார்?” என்று அஞ்சி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் பெற்றோர், இதை மருத்துவரிடமே நேரில் கேட்கலாம்.