காத்தாடி சுத்துற ஊர்ல கரண்ட் இல்ல: 2012-ன் கதை

போன வாரம் எங்க அபார்ட்மென்ட்ல இருபது நிமிஷம் கரண்ட் இல்ல. அதுக்கே வாட்ஸ்அப் குரூப் கொந்தளிச்சிருச்சு. எனக்கு 2012 ஞாபகம் வந்துச்சு.

நான் ஓட்டப்பிடாரத்துக்காரன். அப்ப பத்தாம் வகுப்பு. அந்த வருஷம் அக்டோபர், நவம்பர்ல சென்னைக்கு ரெண்டு மணி நேரம் மின்வெட்டு. வெளியே பல மாவட்டங்கள்ல 12 மணி நேரத்துக்கு மேல. ராத்திரி மொட்டை மாடியில பாயை விரிச்சுப் படுப்போம். ரெண்டு மணிக்கு கரண்ட் வந்தா, அம்மா எந்திரிச்சு மாவாட்டுவாங்க. கோவில்பட்டி பக்கம் சின்னச் சின்னத் தொழிலெல்லாம் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடுச்சு.

எரிச்சல் ஏன்னா, எங்களுக்கு ஒரு பக்கம் தூத்துக்குடி அனல்மின் நிலையம், 1,050 மெகாவாட். இன்னொரு பக்கம் கயத்தாறு காத்தாடிங்க. "நம்ம ஊர் கரண்ட் எங்கடா போகுது?"ன்னு தெருவே கேக்கும். திட்டு வாங்குறது மட்டும் லைன்மேன் அண்ணன்.

இப்ப கணக்கைப் பாப்போம். மாநிலத்தோட தேவை சுமார் 12,000 மெகாவாட், பற்றாக்குறை கிட்டத்தட்ட 4,000. காத்தாடிங்க மட்டும் சுமார் 7,000 மெகாவாட் திறன். ஆனா காத்து சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான். அதனாலதான் அக்டோபர்ல அடி பலமா விழுந்துச்சு. வட சென்னை, மேட்டூர்ல கட்டிட்டிருந்த புது அனல்மின் அலகுகளும் தாமதம். 2003-லருந்து 2010 வரை கட்டணம் ஏறவே இல்ல. நமக்கும் அது பிடிச்சிருந்துச்சு, வாரியத்துக்குக் கடன் ஏறுச்சு. கடைசியில 2012 ஏப்ரல்ல ஒரேயடியா 37 சதவீதம் ஏத்துனாங்க. பில்லு ஏறின வருஷமே கரண்ட் காணாமப் போச்சு. கோபம் வராதா?

சரி, வெளி மாநிலத்துல வாங்கலாமேன்னா, அங்கதான் சிக்கல். தென்னிந்திய கிரிட் அப்ப தனியா ஓடுச்சு. வடக்கே இருந்து கரண்ட் கொண்டுவர வழி குறுகல். அதே காரணத்தால, 2012 ஜூலை 31-ல வட, கிழக்கு இந்தியாவுல 60 கோடிப் பேருக்கு மேல இருட்டுல இருந்தப்ப நாம தப்பிச்சோம். ஜூலைல நம்மளக் காப்பாத்துன சுவர்தான் அக்டோபர்ல நம்மள அடைச்சு வச்சுது. 2013 டிசம்பர் 31-ல ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் ரெண்டு பக்கத்தையும் இணைச்சுது. கூடங்குளம் முதல் உலையும் அந்த அக்டோபர்ல கிரிட்டுக்கு வந்திருந்துச்சு. புது நிலையங்களும் சேர, வெட்டு படிப்படியா குறைஞ்சுது.

இதெல்லாம் நான் இன்ஜினியரிங் படிச்சப்புறம்தான் புரிஞ்சுது. அன்னைக்கு லைன்மேன் அண்ணன் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, சுவிட்சு என் கையில இல்லப்பா"ன்னு சொன்னாரு. நாங்க யாரும் நம்பல. சென்னைக்கு ரெண்டு, எங்களுக்குப் பன்னெண்டுன்னு பிரிச்சவங்க எங்க தெருவுக்கு வரவே இல்ல. வந்தவரைத் திட்டினோம்.

உங்க ஊர்ல 2012 எப்படி இருந்துச்சு? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.