இடம்பெயர்ந்த வைத்தியசாலை

வைத்தியசாலை என்பது யாது? சுவரும் கூரையும் கட்டில்களுமா? அன்றி, நோயுற்றோரைக் காப்பதற்கென ஒன்றுகூடிய மனிதரின் ஒழுங்குமுறையா? அமைதிக் காலத்தில் இவ்வினா எழுவதில்லை. வன்னிப் பெருநிலமோ இதற்கு இருமுறை விடையளித்திருக்கிறது.

1990களில் நிலவிய பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் மின்கலமும் அங்கு அரிதாயின. மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகர் கைமாறியபோது, அந்நகரின் வைத்தியசாலை அக்கராயனுக்குப் பெயர்ந்து பணியைத் தொடர்ந்தது. கட்டடத்தை இழந்தாலும் கடமையை இழக்கவேண்டியதில்லை என்பது அன்று பெற்ற பாடமாகும்.

அப்பாடம் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் கடுஞ் சோதனைக்குள்ளாயிற்று. 2008இன் இறுதிப் பகுதியில் போர் நெருங்கிவரவே, கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரத்துக்குப் பெயர்ந்தது. பின்னர் அங்கிருந்தும் கிழக்கே நகர நேர்ந்தது. 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையும் எறிகணை வீச்சுக்கு இலக்காகவே, நோயாளரும் பணியாளரும் கரையோரப் புதுமாத்தளனை அடைந்தனர். அங்கே ஒரு பாடசாலையே வைத்தியசாலையாயிற்று. முள்ளிவாய்க்காலிலும் அவ்வாறே. பிள்ளைகள் எழுத்தறிந்த அறைகளிற் சத்திரசிகிச்சை நடந்தது. இடம் போதாதவிடத்து நோயாளர் மரநிழலிற் கிடத்தப்பட்டனர். சேலைன் போத்தல்கள் மரக்கிளைகளில் தொங்கின.

அங்குள்ள அரச மருத்துவர்களும் தாதியரும் தொண்டரும் எதிர்கொண்ட முதற் சிக்கல் இரத்தத் தட்டுப்பாடு. காயமுற்றவரின் உடலிலிருந்து சிந்திய குருதியையே துணியில் வடித்து, மீண்டும் அவருக்கே ஏற்றியதாக அங்கு பணியாற்றிய மருத்துவர் ஒருவர் பின்னாளிற் கூறியுள்ளார். இரண்டாவது சிக்கல் பாதை. தரைவழி அடைபட்டது, கரையிலோ கப்பல் அணையத் துறைமுகம் இல்லை. ஆகவே 2009 பெப்ரவரி 10 முதல், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில், கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கு மீன்பிடிப் படகுகளிலே நோயாளரை ஏற்றிச் சென்றனர். மே மாதம் வரையில் நோயாளரும் உடன்சென்றோருமாக 13,000க்கும் மேற்பட்டோர் இவ்வழியால் வெளியேறினர். வலை வீசச் சென்ற படகு உயிர் காக்கும் ஊர்தியாயிற்று.

இவற்றின் பொதுத்தன்மை என்ன? எதனை விட்டுவிடலாம், எதனை விடவே கூடாது என்பதை அவர்கள் தெளிந்திருந்தனர். கட்டடத்தையும் கட்டிலையும் வழமையான முறைகளையும் விட்டனர்; நோயாளியை விடவில்லை. நெருக்கடியில் ஒரு நிறுவனம் காணும் புதுவழிக்கு ஊற்று இத்தெளிவே.

ஆயினும் இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் கொள்வது தவறு. வைத்தியசாலைகளின் அமைவிடங்கள் அறிவிக்கப்பட்டிருந்தும் எறிகணைகள் வீழ்ந்தன. மயக்கமருந்தும் இரத்தமும் போதாமையால் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் பிரிந்தன. அறிவுக்கூர்மை மருந்துக்கு மாற்றாகாது. துணியில் வடித்த குருதி, மருத்துவரின் திறமைக்குச் சான்று. அத்திறமை தேவைப்பட்ட நிலைக்கும் அதுவே சான்று. முதலாவதைப் போற்றுவோர் இரண்டாவதை மறவாதிருத்தல் வேண்டும்.