எந்த முனையை முதலில் கழற்றுவது? சென்னையில் கார் பேட்டரியின் வரலாறு

வடசென்னையில் பேசின் பாலத்தை அடுத்து இருப்பது மூலக்கொத்தளம். ஆங்கிலேயர் காலத்தில் கறுப்பர் நகரைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் மூலையில் இருந்த கொத்தளமே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது என்பர். தெற்கே துறைமுகத்துக்கும் வடக்கே எண்ணூருக்கும் இடையில் இருக்கும் இப்பகுதியில் குறுகலான தெருக்கள் அதிகம். சிறிய கார் வைத்திருப்பவர்கள் வாசலை ஒட்டியே வண்டியை நிறுத்துகிறார்கள். காலையில் சாவியைத் திருப்பும்போது "டக், டக்" என்ற ஒலி மட்டும் வந்து செல்ஃப் எடுக்கவில்லை என்றால், ஆள் சேர்த்துத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் அங்கே இடம் இருக்காது. நின்ற இடத்திலேயே பேட்டரியை மாற்றிவிடுவதுதான் சுலபம்.

அதற்கு 10-ஆம் எண் ஸ்பானர் ஒன்றும் கால்மணி நேரமும் போதும். ஆனால் ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. கறுப்பு நிற எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இது என்றைக்கும் மாறாத விதி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், சென்னையில் ஒன்றுசேர்க்கப்பட்ட முதல் கார்களில் ஒன்றுக்கு இந்த விதி தலைகீழாக இருந்தது.

கைப்பிடிக் காலம்

ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட மின்கலத்தைப் பிரான்சு நாட்டு அறிவியலாளர் கஸ்தோன் பிளாந்தே 1859-இல் உருவாக்கினார். 1881-இல் கமில் ஃபோர் ஈயத் தகட்டின்மீது ஈய ஆக்சைடுப் பசையைப் பூசி அதன் திறனைப் பெருக்கினார். இன்று கடையில் வாங்கும் பேட்டரியும் அடிப்படையில் இதுதான்.

சென்னையின் தொடக்ககாலக் கார்கள் பேட்டரியை நம்பி ஓடவில்லை. சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் உருவாக்கிய கார் நீராவியால் ஓடியது. எம்.சி. 1 என்ற பதிவெண்ணைப் பெற்ற கார், சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது என்பர். கணித மேதை இராமானுசன் எழுத்தராக வேலை பார்த்ததும் இவருடைய அலுவலகத்தில்தான். பெட்ரோல் காரை எழுப்ப, முன்புறத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் திடீரென எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். இந்த ஆபத்துக்குத் தீர்வாக அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை அமைத்தார். 1912-ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் அது வந்தது. விளக்குக்கும் தீப்பொறிக்கும் மட்டும் பயன்பட்ட பேட்டரி அன்று முதல் எஞ்சினையே எழுப்பும் பொறுப்பை ஏற்றது. நம்மூர் வழக்கில் "செல்ஃப்" என்பது அந்த ஸ்டார்ட்டரைத்தான்.

எண்ணூர் ஆஸ்டின்

இரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே எண்ணூர்த் தொழிற்சாலையில் ஆஸ்டின் ஏ40 கார்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. 1955-இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. லாரி, பேருந்து என்று அதன் பாதை மாறியதால், எண்ணூரில் கார் செய்தார்கள் என்பதே இன்று பலருக்கு வியப்பாக இருக்கிறது.

1200 சி.சி. எஞ்சின் கொண்ட அந்தச் சிறிய காரில் 12 வோல்ட் பேட்டரி இருந்தது. செல்ஃப் கைவிட்டால் பயன்படுத்தக் கைப்பிடியும் உண்டு. ஆனால் அதன் நேர்முனைதான் வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக்குகள் இந்த உடல் இணைப்பை "எர்த்" என்பார்கள். 1930-களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் நேர்முனை எர்த்தையே பின்பற்றினார்கள். முனைகளில் அரிப்புக் குறையும், ஸ்பார்க் பிளக் சிறப்பாக வேலை செய்யும் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். இத்தாலியின் ஃபியாட் போன்றவை எதிர்முனையை எர்த்தாக வைத்திருந்தன. ஆக, ஒரே தெருவில் இரண்டு விதக் கார்கள் நின்றிருக்கக்கூடிய காலம் அது.

கழற்றும் வரிசையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. காரின் உடல் முழுவதும் ஒரு முனையோடு இணைந்திருக்கிறது. உடலோடு சேராத முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானரின் மறுநுனி பக்கத்து இரும்பில் பட்டால், ஸ்பானர் வழியாகவே மின்சுற்று முழுமையாகி நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பானர் சிவக்கும், தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் அந்த நேரம் மூடியருகே தங்கியிருந்தால் பேட்டரியே வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். எர்த் முனையை முதலில் விலக்கிவிட்டால் ஸ்பானர் காரின் உடலில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. எனவே உண்மையான விதி "கறுப்பு முதலில்" என்பதன்று, "எர்த் முதலில்" என்பதுதான். எண்ணூர் ஆஸ்டினில் அது நேர்முனை.

பிரித்து ஒட்டிய பேட்டரி

அக்காலப் பேட்டரியின் பெட்டி எபொனைட் எனப்படும் கடின ரப்பரால் ஆனது. மேற்புறம் கீல் ஊற்றி அடைக்கப்பட்டிருக்கும். அறைகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். ஓர் அறை மட்டும் கெட்டால் கீலை உருக்கி, தகடுகளை எடுத்து, புதியவற்றை வைத்து மீண்டும் அடைத்துத் தரும் தொழிலாளர்கள் இருந்தார்கள். மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பதே வழக்கம். புதிய பேட்டரியையும் பல நேரம் உலர்ந்த நிலையில் வாங்கி, கடையில் ஆசிட் ஊற்றி, சார்ஜ் போட்டுத்தான் எடுத்து வர வேண்டும்.

குளிர் நாடுகளில் ஆசிட்டின் அடர்த்தி எண் 1.28 அளவில் இருக்கும். நம்முடையதுபோன்ற வெப்ப நாடுகளில் அதைச் சற்றுக் குறைத்தே ஊற்றுவார்கள், தகடுகள் விரைவில் அரித்துப்போகாமல் இருக்க. வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் சொல்லப்படும் கணக்கு. பேட்டரியைக் கொல்வது குளிர் என்று மேலைநாட்டுக் கையேடுகள் எழுதும். சென்னையில் கொல்வது வெயில்.

இந்தியாவில் உற்பத்தி கொல்கத்தாவை அடுத்த சியாம்நகரில் 1940-களில் வேரூன்றியது. அந்த நிறுவனமே பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 1995-இல் எக்சைடு இண்டஸ்ட்ரீஸ் ஆனது. 1998-இல் ஸ்டாண்டர்டு பேட்டரீஸ் நிறுவனத்தின் கிண்டித் தொழிற்சாலையும் அதன் கைக்கு வந்தது. திருப்பதி அருகே 1985-இல் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனம் பின்னர் அமரான் பெயரில் போட்டிக்கு இறங்கியது.

முனை மாறியதும் மூடி அடைந்ததும்

1960-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கார்களும் எதிர்முனை எர்த்துக்கு மாறின. டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டரும், அதனுடன் டிரான்சிஸ்டர் ரேடியோவும் வந்ததே காரணம். இவற்றிலுள்ள குறைகடத்திப் பாகங்கள் முனை மாறினால் நொடியில் எரிந்துவிடும் என்பதால், எல்லாருக்கும் ஒரே முறை தேவைப்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும், 1998-இல் திருப்பெரும்புதூர் அருகிலிருந்து சான்ட்ரோ வந்தபோதும் இது கேள்வியே இல்லாத நடைமுறை. நேர்முனைக் குமிழைச் சற்றுத் தடிப்பாகச் செய்வதும் தவறுதலாக மாற்றி மாட்டுவதைத் தடுக்கவே.

அதன்பின் மூடியும் அடைபட்டது. மாதம் ஒருமுறை திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய காலத்தில், எந்த அறை அதிகம் குடிக்கிறது என்று பார்த்தே கோளாறை முன்கூட்டி அறிந்தார்கள். பராமரிப்பு வேண்டாத பேட்டரியில் அந்த வேலை இல்லை, அந்த எச்சரிக்கையும் இல்லை. ஒரு நாள் காலையில் திடீரென நின்றுபோகும்.

2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கில் இது பெருமளவில் நிகழ்ந்தது. நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம் போன்றவை மெல்ல மின்சாரம் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று கொண்டாலும் நாளுக்கு 0.72 ஆம்பியர் மணி, மூன்று வாரத்தில் 15. சிறிய காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது கிட்டத்தட்டப் பாதி. ஏற்கெனவே தளர்ந்த பேட்டரி அதன்பின் எழாது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது என்று பொருள். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி.

புதியது வாங்கும்போது ஆம்பியர் எண்ணோடு குறியீட்டின் கடைசி எழுத்தையும் பார்க்க வேண்டும். 38பி20எல், 38பி20ஆர் இரண்டும் ஒரே அளவுதான். முனைகள் இருக்கும் பக்கம் மட்டும் வேறு. மாற்றி வாங்கினால் ஒயர் எட்டாது.

பழையது போகும் இடம்

சுமார் 10 கிலோ எடையுள்ள பழைய பேட்டரியில் ஏறக்குறைய 60 விழுக்காடு ஈயம். அதனால்தான் அதற்குக் கடையில் விலை உண்டு, தெருவில் வரும் பழைய இரும்பு வண்டிக்காரரும் விலை கேட்பார். முறையான உருக்காலைக்குப் போகாதவை உடைக்கப்படும்போது ஆசிட் கால்வாயில் கொட்டப்படுகிறது. ஈயம் திறந்தவெளியில் உருக்கப்பட்டு, தூசு சுற்றிலும் படிகிறது. உலகில் மூன்று குழந்தைகளில் ஒருவரின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் உள்ளதென 2020-இல் யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகளின் அறிக்கை கூறியது. பேட்டரிகளை முறையின்றி உடைத்து உருக்குவதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சுட்டியது. பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2001 முதல் உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது இன்னும் அழுத்தமாக வைத்தன. வீட்டிலேயே மாற்றுபவர் பழையதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கழிவு விலையும் ரசீதும் வாங்கினால், அது எங்கே போகிறது என்பதற்குக் குறைந்தது ஒரு தடயம் இருக்கும்.

இப்போது வரும் மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. பூட்டு, விளக்கு, கட்டுப்பாட்டுக் கருவிகள் அதில்தான் இயங்குகின்றன. அது இறங்கிவிட்டால், அடியில் இருக்கும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் எழாது.