ஏழரை நாழிகை

வைகை அணையை நம்பி வாழும் ஊர்களில் எண்களைப் பார்த்துப் பழகியவர்கள் அதிகம். 1959இல் திறக்கப்பட்ட அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. நாளேட்டைப் பிரித்ததும் தலைப்புச் செய்திக்கு முன்பாக நீர்மட்டத்தைத் தேடும் பெரியவர்கள் எங்கள் பக்கம் இன்றும் உண்டு.

அணைக்குச் செல்லும் சாலையில் விடியுமுன் ஓடுகிறவர்களும் எண்ணைத் துரத்துகிறவர்களே. அவர்களுள் பெரும்பாலோர் காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் அடுத்த அறிவிப்புவரை காத்திருக்க வேண்டியதுதான். அண்மை ஆண்டுகளில் நடுவயதினர் சிலரும் அவர்களோடு தென்படுகின்றனர். வங்கி ஊழியர், ஆசிரியர், கடை வைத்திருப்பவர் என்று பல தரத்தினர். கையில் கடிகாரம், மனத்தில் மராத்தான், இலக்கு 4 மணி நேரம். இளைஞரின் எண்ணுக்குப் பின்னால் ஒரு மாதச் சம்பளம் நிற்கிறது. நடுவயதினரின் எண்ணையோ அவரிடம் எவரும் கேட்கவில்லை. எவரும் கேட்காத அந்த எண் எங்கிருந்து வந்தது?

1896இல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் மராத்தானை ஓடியவர்களுக்கு அப்படியோர் எண் இருந்திருக்க வாய்ப்பில்லை. தூரமே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் என்ற அளவில்தான் இருந்தது. தண்ணீர் சுமந்து பிழைத்த ஸ்பிரிடோன் லூயிஸ் 2 மணி 58 நிமிடம் 50 நொடியில் வந்து சேர்ந்தார். அவர் வென்றது சக ஓட்டக்காரர்களை. 42.195 கிலோமீட்டர் என்ற இன்றைய தூரம் 1908 லண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்த இடத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டால் அமைந்தது. 1921இல்தான் அது விதியாயிற்று. தூரம் நிலைபெறாத வரையில் ஓர் ஊரில் ஓடிய நேரத்தை இன்னோர் ஊரில் ஓடிய நேரத்தோடு ஒப்பிட வழியில்லை.

ஆனால் அதற்கு முன்பே கடிகாரம் நம் நாட்டில் ஒரு வேலையைச் செய்துவிட்டது. 1919இல் புனே டெக்கான் ஜிம்கானாவின் விளையாட்டு விழாவில் தோராப்ஜி டாட்டா நெடுந்தூர ஓட்டம் ஒன்றைக் கண்டார். ஓடியவர்கள் உழவர்கள், வெறுங்காலர்கள், முறையான பயிற்சி அறியாதவர்கள். நேரத்தைப் பார்த்தபோது அது ஐரோப்பிய ஓட்டக்காரர்களின் நேரத்துக்கு வெகுவாகப் பின்தங்கியதாக இல்லை. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே திடலில் ஓட வாய்ப்பில்லாத காலம் அது. இரு தரப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கடிகாரம் ஒன்றுதான் இருந்தது. டாட்டாவின் முயற்சியால் 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஒரு சிறு அணி கப்பலேறியது. அதில் பெல்காமைச் சேர்ந்த படேப்பா தரேப்பா சௌகுலேயும் இருந்தார்.

ஆண்ட்வெர்ப்பில் மராத்தானின் தூரம் 42.75 கிலோமீட்டர், அதாவது வழக்கத்தைவிட அரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதல். பின்லாந்தின் ஹன்னஸ் கோலெமைனன் 2 மணி 32 நிமிடம் 35.8 நொடியில் வென்றார். சௌகுலே 2 மணி 50 நிமிடம் 45.4 நொடியில் பத்தொன்பதாவதாக வந்தார். பதக்கப் பட்டியல் மட்டுமே வரலாறு என்று கொள்வோருக்கு இது வெறும் பத்தொன்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிடம். ஆகவே 1500 மீட்டருக்கு 6 நிமிடம். நம் காவலர் தேர்வின் 7 நிமிடத்தில் ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்து, அதே ஓட்டத்தை நில்லாமல் இருபத்தெட்டரை முறை ஓடியிருக்கிறார் அந்த மனிதர். எனக்குத் தெரிந்தவரையில் நம் பாடநூல்களில் அவர் பெயர் இல்லை.

வெல்ல வாய்ப்பில்லாதவருக்கும் நேர இலக்கு என்பது பின்னால் வந்த வழக்கம். பாஸ்டன் மராத்தானில் கூட்டம் பெருகியதால் 1970இல் ஒரு தகுதி நேரத்தை விதித்தனர். 4 மணி நேரத்துக்குள் ஓடக்கூடியவரே வரலாம் என்பது அதன் சாரம். கூட்டத்தைக் குறைக்க வைத்த வேலி அது. நாளடைவில் வேலியைத் தாண்டுவதே பலருக்கு வேட்கையாகிவிட்டது. 2004இல் மும்பை மராத்தான் தொடங்கிய பிறகு அந்த வேட்கை நம் ஊர்களுக்கும் பரவியது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏறத்தாழ 98 லட்சம் மராத்தான் நேரங்களைத் திரட்டிப் பார்த்தனர். 3 மணி, 3½ மணி, 4 மணி ஆகிய முழு எண்களுக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் குவிந்து கிடந்தார்கள். சற்றுப் பின்னால் முடித்தவர்கள் குறைவு. நாலாயிரம் காரணங்களால் களைத்த உடல், கடைசிக் கிலோமீட்டரில் ஒரு முழு எண்ணுக்காகக் கால்களை எட்டிப் போடுகிறது.

தமிழாசிரியனாகிய எனக்கு இங்கே ஒரு குறும்பான எண்ணம் எழுகிறது. முல்லைப்பாட்டுப் பாசறையில் அரசனுக்குப் பொழுது அறிவித்த நாழிகைக் கணக்கர்களை நண்பர்கள் அறிவர். அவர்களை மராத்தான் முடிவுக்கோட்டில் நிறுத்தினால் என்னவாகும்? ஒரு நாழிகை 24 நிமிடம். 4 மணி நேரம் சரியாகப் பத்து நாழிகை. அது அங்கும் முழு எண்தான். ஆனால் உலகெங்கும் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் தவம் கிடக்கும் 3 மணி நேரம் ஏழரை நாழிகை! ஏழரையைத் துரத்தி ஓட நம்மவர் எவர் முன்வருவார்? ஏழு நாழிகையை, அதாவது 2 மணி 48 நிமிடத்தைத்தான் நம்மவர் இலக்காகக் கொண்டிருப்பர். சௌகுலேயின் வேகத்தை இன்றைய தூரத்துக்கு மாற்றினால் 2 மணி 48½ நிமிடம் வருகிறது. ஏழு நாழிகைக்கு அரை நிமிடமே கூடுதல். 1978இல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் ஓடி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியச் சாதனையாக நின்ற 2 மணி 12 நிமிடமோ சரியாக ஐந்தரை நாழிகை.

அளவுகோலை மாற்றினால் இலக்கும் மாறிவிடுகிறது என்பதால் படும் பாடு பொய்யாகிவிடாது. எங்கள் பக்கத்துக் கணக்கில் சொல்வதானால், தேனியிலிருந்து கம்பம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்; மராத்தானுக்கு இன்னும் இரண்டு வேண்டும். பெரியாற்று நீர் இறங்கி வரும் திசைக்கு எதிராக, மெல்ல ஏறும் பாதை. வீரபாண்டி வரை பேசிக்கொண்டே ஓடலாம். சின்னமனூர் வந்தால் பாதியைத் தாண்டியாயிற்று. உத்தமபாளையத்தை நெருங்கும்போது முப்பது கிலோமீட்டர் ஆகியிருக்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த சர்க்கரை பலருக்குத் தீர்ந்து போவது அவ்விடத்தில்தான். அதன்பின் கால் கேட்பதை உடலால் கொடுக்க இயலாது. நேரத்தைத் துரத்துபவரின் கணக்கு இங்கேதான் உடைகிறது. தொடக்கத்தில் கிலோமீட்டருக்குப் பத்து நொடி ஆசைப்பட்டு முந்தியவர், கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் அதைப் பன்மடங்காகத் திருப்பிக் கட்டுகிறார்.

நேரத்தைக் குறைப்பதும் அணையை நிரப்புவது போன்றதே. அடியில் ஓரடி உயரச் சிறிது நீர் போதும். மேலே செல்லச் செல்ல நீர்ப்பரப்பு விரிவதால் ஒவ்வோர் அடிக்கும் முந்தையதைவிட மிகுந்த நீர் வேண்டும். 5 மணியிலிருந்து 4½ மணிக்கு வருபவர் ஓராண்டில் வந்துவிடலாம். உச்சியில் இருப்பவருக்கு ஒரு நிமிடம் என்பது பல ஆண்டு உழைப்பு.

அந்த உச்சியின் கதைக்குச் சிங்கப்பூரின் முருகையா ரமேஷனைச் சொல்ல வேண்டும். தந்தையின் பெயரே குடும்பத்தின் வேரைச் சொல்லிவிடுகிறது. 1995இல் தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 2 மணி 24 நிமிடம் 22 நொடியில் மராத்தானை முடித்தார். பழைய கணக்கில் ஒரு விநாடி என்பது 24 நொடி. எனவே ரமேஷன் எடுத்துக்கொண்டது ஆறு நாழிகையும் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவும். அது சிங்கப்பூரின் தேசியச் சாதனையாயிற்று. அவர் பின்னர் பயிற்சியாளரானார். அவரிடம் பயின்ற மருத்துவர் மோக் யிங் ரென் 2013ஆம் ஆண்டுப் போட்டியில் மராத்தான் தங்கம் வென்றார். ஆயினும் ஆசிரியரின் நேரத்தை அவராலும் தொட இயலவில்லை.

அந்த எண் 23 ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது. 2019 மார்ச் மாதம் சியோலில் சோ ரூய் யோங் 2 மணி 23 நிமிடம் 42 நொடியில் ஓடினார். நாற்பது நொடி குறைவு. ஆறு நாழிகைக்குள் மராத்தானை முடித்த முதல் சிங்கப்பூர்க்காரர் அவர்.