பரவளைவும் தோட்டப் பாடசாலையும்: ஊவாவில் ஒரு கணிதப் பாடத்தின் வரலாறு

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றைச் சட்டங்களையும் அறிக்கைகளையும் கொண்டு மட்டும் அளந்துவிடல் இயலாது. ஒரு குறித்த பாடம் எக்காலத்தில் எவருடைய வகுப்பறையை வந்தடைந்தது என வினவுவதும் அவ்வரலாற்றைத் தெளிவுபடுத்தும். பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை, இருபடிச் சார்புகளின் வரைபுகளைப் பெயர்த்தலும் நீட்டலும் பற்றிய பாடம் இவ்வகையில் ஆராயத்தக்கதாகும்.

பாடம் எளியது. ஓர் எண்ணைக் கிடையச்சிலும் அதன் வர்க்கத்தை நிலைக்குத்தச்சிலும் குறித்தால், −3 முதல் 3 வரையுள்ள முழுவெண்களுக்கு 9, 4, 1, 0, 1, 4, 9 என்னும் பெறுமானங்கள் கிடைக்கும். அப்புள்ளிகளை ஒப்பமாக இணைக்கும்போது பிறப்பதே பரவளைவு. வர்க்கத்தோடு 2ஐக் கூட்டினால் வளையி முழுவதும் 2 அலகு மேலே செல்லும். வர்க்கிப்பதற்கு முன் எண்ணிலிருந்து 3ஐக் கழித்தாலோ, அது 3 அலகு வலப்புறம் பெயரும். கழித்தல் இடப்புறமன்றோ தள்ளவேண்டும் என மாணவர் மயங்குவது இவ்விடத்திலேயாம். வர்க்கத்தின் மிகக் குறைந்த பெறுமானம் பூச்சியம். கழித்தபின் பூச்சியமாகும் எண் 3. ஆதலின் திரும்பற் புள்ளி 3க்கு நேரே சென்று நிற்கின்றது. வர்க்கத்தை 2ஆல் பெருக்கினால் 1, 4, 9 என்பன 2, 8, 18 ஆகி, வளையி நிலைக்குத்தாக நீண்டு ஒடுங்கித் தோன்றும். எதிரெண்ணால் பெருக்கினால் அது தலைகீழாகும். இச்செயல்களை அறிந்த மாணவன் எந்த இருபடிச் சார்பின் வரைபையும் அம்முதல் வளையியிலிருந்தே பெற்றுக்கொள்வான்.

இதன் உட்கருவான வர்க்கப் பூர்த்தியாக்கல் தொன்மை வாய்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி அதனைச் சதுரங்கள் வரைந்து விளக்கினார். அம்முறையில் அமைந்த சிறீதரரின் விதியை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எடுத்தாண்டார். சமன்பாட்டையும் வளையியையும் ஒருங்கிணைத்த ஆள்கூற்று முறை, 1637இல் வெளிவந்த டேக்கார்ட்டின் நூலால் ஐரோப்பாவிற் பரவத் தொடங்கியது.

இவ்வறிவு தமிழுக்குப் புதியதன்று. வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடைய கறல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்னும் நூலை 1855இல் தமிழில் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் அவரும் ஒருவர். அதே காலப்பகுதியில்தான் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் மன்னார் வழியே கால்நடையாக மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். ஒரே மொழியினர், ஒரே தீவினர். ஆயினும் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய அட்சரகணிதம் பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் வந்துசேர நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஆதலின் இத்தாமதத்துக்குத் தமிழின் சொல்வளக் குறைவைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

காரணத்தை வேறிடத்தில் தேடல் வேண்டும். சார்பு என்னும் எண்ணக்கரு பாடசாலைக் கணிதத்தின் மையமாக வேண்டுமென ஜேர்மனியிற் பீலிக்ஸ் கிளைன் முதலானோர் வற்புறுத்திய மெரான் திட்டம் 1905இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளின் பின், 1907இல் இலங்கையில் நிறைவேறிய கிராமப் பாடசாலைகள் சட்டம், தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அப்பொறுப்பை வலுப்படுத்தியது. எனினும், நடைமுறையில் தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியரும் கொண்டதாய், ஐந்தாம் வகுப்போடு முடிவதாய் இருந்தது. 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் விரைந்து கொழும்பு சென்றன. கொழுந்து பறித்தவரின் பிள்ளைகளோ ஐந்தாம் வகுப்பைத் தாண்டல் அரிதாயிற்று.

கணிதம் படிமுறையாக வளரும் பாடம் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எதிரெண்கள், அட்சரக் கோவைகள், ஆள்கூறுகள் என்பன இடைநிலை வகுப்புகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கற்பிக்கப்படுவன. ஐந்தாம் வகுப்பில் நின்றுவிட்ட பிள்ளைக்குப் பரவளைவு கடினமானதன்று; அது காட்டப்படவேயில்லை.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் முழுப்பயன் தோட்டங்களை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத்தாலும் பெற்றோரிற் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தமையால், பாடசாலை வேண்டுமெனக் கேட்கும் அரசியல் வலிமையும் குன்றியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கி விடப்பட்டன. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் கணிதத்தை இடைநிலை மாணவர் அனைவர்க்கும் உரிய பாடமாக்கியது. ஆனால் அவ்விடைநிலை வகுப்பே தோட்டத்தில் இல்லை. 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின், 1970களின் பிற்பகுதியிலிருந்து கட்டங்கட்டமாக அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. மேல்வகுப்புகள் மெல்லத் திறந்தன. சில பாடசாலைகளில் இருபடிச் சார்பும் கரும்பலகையை வந்தடைந்தது.

இன்று அது க.பொ.த. சாதாரண தரத்துக்குரிய பாடம். அத்தேர்விற் கணிதச் சித்தி உயர்கல்விக்கும் பல தொழில்களுக்கும் வாயிலாக அமைந்துள்ளது. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகம் பதுளையிலேயே இயங்குகின்றது. எனினும் மலையகத் தமிழ்ப் பாடசாலைகளிற் கணித ஆசிரியர் பற்றாக்குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. பாடத்திட்டத்தில் ஒரு பாடம் இருத்தலும், அதைத் தமிழிற் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பறையில் இருத்தலும் ஒன்றல்ல.

ஊவாவின் தோட்டப் பிள்ளைகளிடமிருந்து பரவளைவை மறைத்தது கணிதத்தின் கடுமையன்று, மொழியின் வறுமையுமன்று. ஐந்தாம் வகுப்பில் எழுப்பப்பட்ட சுவரே. அச்சுவர் சட்டத்தில் இடிந்துவிட்டது. நடைமுறையிலும் அதனை இடித்தகற்றுதல், கற்றுத் தேர்ந்து ஆசிரியப் பணியை நாடும் மலையக இளைஞர்க்கும் அவர்க்கு வழிசெய்ய வேண்டிய அரசுக்கும் உரிய கடனாகும்.